இரவற் காரும் விடுமுறைச் சாரதியும்

பிறநாடுகளிற் குடியேறிய நம் பழைய மாணவர் சிலர், சில வாரத் தங்கலுக்குக் கொழும்பு வந்ததும், உறவினரின் காரை இரவல் வாங்கித் தாமே செலுத்துவதைக் காண்கிறோம். கனடாவிலே இருபதாண்டு ஓட்டியவருக்கு வெள்ளவத்தைக் காலி வீதி எம்மாத்திரம் என்பது அவர்தம் எண்ணம். அங்கே வலப்பக்கம், இங்கே இடப்பக்கம். மனம் அறிந்தாலும் கை பழைய பக்கத்தையே நாடும். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலோ லொறியும் முச்சக்கரவண்டியும் நெருக்க, நடுவே பள்ளிப் பிள்ளைகள் செல்வர்.

எனினும் நாம் கூற வந்தது திறமையைப் பற்றியன்று. வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் இங்கே போதாது. தற்காலிக அனுமதிக்கு முன்னர் வேரஹெரவுக்கு அலைய வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் முதல் வெளிநாட்டவர்க்குக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வழங்குகின்றனர். நேரமில்லை என்னும் சாட்டு இனிப் பொருந்தாது.

அனுமதியின்றி ஓட்டி விபத்து நேரின், காப்புறுதி நிறுவனம் இழப்பீட்டை மறுக்கலாம். வந்தவர் விமானமேறிவிடுவார், பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றுக்கும் நடப்பவர் கார் உரிமையாளரே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கிற்று. வரியும் மிக அதிகம். உடைந்ததற்கு ஈடாக இன்னொன்று வாங்க ஓய்வூதியக்காரர் எங்கே போவார்? தரமாட்டேன் என மருமகனிடம் சொல்லவும் அவருக்கு நா எழாது. ஆதலின் வந்தவர் கேளாதிருப்பதே முறை. சாரதியுடன் வாடகைக் கார் அமர்த்தினால், நல்லூர் போகும் வழியெல்லாம் பிள்ளைகளுக்கு ஊர் காட்டவும் கை ஒழியும்.