பிசினுக்கு முன் விளக்குமாறு

ரேடியோ கார்களின் நேர்கோட்டுப் பந்தயம் பெரும்பாலும் 132 அடிதான். கால் மைலில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் சக்கரம் வழுக்கினால் கதை முடிந்தது. அதனால் பலர் தரையில் பிசின் கரைசல் தெளிக்கிறார்கள். கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா தோட்டப் பக்கம் ஓட்டுபவரா நீங்கள்? முதலில் விளக்குமாற்றை எடுங்கள்.

தார்த்தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் ரப்பர் அழுந்தினால்தான் பிடி கிடைக்கும். இடையில் கிடக்கும் செம்மண் தூசி அதைத் தடுக்கிறது. கூட்டியபின் ஒரே தடத்தில் பலமுறை ஓட்டுங்கள். தேய்ந்த ரப்பரே படிந்து பிடி கூடும். இன்னும் வேண்டுமென்றால் சர்க்கரைத் தண்ணீர் போதும். எறும்பு வரும், கழுவிவிடுங்கள்.

பிசின் கரைசலோ நம் ஊர் மழையில் கால்வாய் வழியே சிலாங்கூர் ஆற்றுக்குத்தான் போகும். கம்போங் குவாந்தான் மின்மினிகளின் புழுக்கள் வளர்வது அந்தக் கரையின் ஈர மண்ணில்.