பற்சூத்தை ஆய்வுகள் குறுகட்டும், எமது உரிமை குறுகலாகாது

பற்சூத்தையைத் தடுக்கும் ஒரு மருந்து பயன் தருகிறதா என்று அறிய ஆய்வாளர்கள் வழக்கமாக 2 அல்லது 3 ஆண்டுகள் காத்திருக்கின்றனர். பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் அம்மருந்தைக் கொடுத்து, எப்பிரிவில் அதிகம் குழி விழுகிறது என எண்ணுவர். குழி மெதுவாகவே விழும். அமெரிக்காவின் கிராண்ட் ரப்பிட்ஸ் நகரில் 1945 இல் குடிநீருக்குப் புளோரைட்டுச் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு 15 ஆண்டுகளுக்குத் திட்டமிடப்பட்டது.

இன்று முகாம், நாளை உறவினர் வீடு என அலையும் குடும்பத்தின் பிள்ளையை மூன்றாம் ஆண்டில் எங்கே தேடுவது? எனவே நீண்ட ஆய்வுகளில் எமது பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது அரிது. குறுகிய ஆய்வுகள் வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயே.

வழிகள் உண்டு. இலை மஞ்சளாகும்போதே நோயை அறியும் கமக்காரன் அறுவடைவரை காத்திருப்பதில்லை. அதுபோல், குழி விழுமுன் பல்லில் தோன்றும் வெள்ளைப் புள்ளியையே அளவிடலாம். குழியை மட்டும் எண்ணும் முறை காலங்கடந்து வருகிறது என 2002 இல் ஸ்கொட்லாந்தில் கூடிய பன்னாட்டு ஆய்வாளர்களும் கருதினர். சூத்தை வரும் ஆபத்துக் கூடிய பிள்ளைகளைச் சேர்த்தாலும் விடை விரைவில் கிடைக்கும். ஏற்கெனவே உள்ள சூத்தை நிற்கிறதா என்றும் பார்க்கலாம். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 66 சிறு பிள்ளைகளிடம் வெள்ளி டையமைன் புளோரைட்டைப் பூசிச் சோதித்த ஆய்வு, 2 முதல் 3 வாரங்களில் விடை கண்டது. அதன் முடிவு 2018 இல் வெளியானது.

ஆனால் அவசரம் ஏமாற்றவும் கூடும். மூன்று வாரத்தில் நின்ற சூத்தை பின்னர் மீண்டும் பரவலாம். அநுராதபுரம், வவுனியா போன்ற வறண்ட பகுதிகளில் பல கிணறுகளில் புளோரைட்டு மிகையாக உள்ளது. அதுவும் பல்லில் வெள்ளைத் திட்டுகளை உண்டாக்கும். இரண்டையும் பிரித்தறியாத ஆய்வு இங்கே பிழையான விடையையே தரும்.

இன்னொன்று. சுவீடனின் விப்பேகொல்ம் மனநல விடுதியில் 1940களில் நோயாளருக்கு ஒட்டும் இனிப்புகளைக் கொடுத்துச் சூத்தையை வருவித்தனர். அவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. முகாமில் வாழ்வோரும் அவ்வாறு எளிதில் அகப்படுவோராகிவிடக் கூடாது.

ஆகவே ஆய்வுக்கு வருவோரிடம் நாம் மூன்றைக் கேட்போம். எமது மொழியில் விளக்குங்கள். வெள்ளி மருந்து சூத்தையைக் கறுப்பாக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். மறுப்பவரின் நிவாரணம் குறையாது என உறுதி தாருங்கள். மருந்து பயன் தந்தால், ஆய்வு முடிந்ததும் மற்றப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் அதைக் கொடுங்கள். இவற்றுக்கு உடன்படுவோரை வரவேற்பதே எமது நிலைப்பாடு.