விலாசம் மாறும், விழிப்பு மாறலாமா?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் காரைக்குடியில் வெயில் கொளுத்திக் கொண்டிருந்தது. என் அக்காவின் மடிக்கணினியோ, மழை பெய்வதாகக் காட்டியது! உற்றுப் பார்த்தேன், ஊர்ப் பெயர் பெங்களூரு என்றிருந்தது. அக்கா பெங்களூரு நிறுவனமொன்றில் ஊழியை. வேலை செய்வதோ எங்கள் வீட்டுக் கூடத்தில்.

இந்த விந்தைக்குக் காரணம் வி.பி.என். என்னும் ஏற்பாடு. ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் ஐ.பி. முகவரி என்ற எண் உண்டு. வி.பி.என்.னை இயக்கியதும், கணினியிலிருந்து புறப்படும் செய்திகள் பூட்டிய பெட்டியில் வைத்தாற்போல முதலில் அலுவலகம் செல்கின்றன. அங்கே பெட்டி திறக்கப்பட்டு, அலுவலகத்தின் முகவரியோடு வெளியே அனுப்பப்படுகின்றன. பதிலும் அவ்வழியே திரும்புகிறது. சில நிறுவனங்கள் அலுவலகச் செய்திகளை மட்டும் இவ்வழியே செலுத்தி, மற்றவற்றை நேரே விடுவதும் உண்டு.

நம் செட்டிநாட்டாருக்கு இது புதிதன்று. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் கடைகளில் இருந்த ஏஜெண்டுகள் தம் பெயரில் அல்ல, முதலாளியின் 'விலாச'த்திலேயே வரவு செலவு நடத்தினர். வெளியார் கண்டது விலாசத்தை. ஏஜெண்டு யாரென்பதை முதலாளி அறிவார்.

அன்று நான் அப்பத்தாவுக்கு வந்த நோயைப் பற்றி அக்காவின் கணினியில் தேடினேன். அண்டை வீட்டாருக்குக்கூட நாங்கள் சொல்லாத செய்தி அது. அக்கா பதறிப் போனாள். "இதில் நீ தேடுவதெல்லாம் என் பெயரில் ஆபீசுக்குப் போகுமடி!" என்றாள். அவளுடைய வேலை ஒப்பந்தம் மறுமாதம் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. நோய் அவளுக்கே என்று எண்ணிவிட்டால்?

வி.பி.என். எல்லாவற்றையும் மறைக்கும் என்பது பலர் எண்ணம். இணைய இணைப்புத் தரும் கம்பெனிக்கு மறையும், அலுவலகத்திற்கு மறையாது. எந்தத் தளத்திற்குச் சென்றோம் என்பது அங்கே பதிவாகலாம். அலுவலகக் கணினியில் அதற்கான சான்றிதழ் பொருத்தியிருந்தால், உள்ளே உள்ளதையும் படிக்க முடியும்.

2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, வி.பி.என். சேவை விற்போர் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் காக்க வேண்டுமென உத்தரவிட்டது. நிறுவனங்கள் தம் ஊழியருக்கென நடத்தும் வி.பி.என்.கள் இதில் சேரா என்றும் பின்னர் விளக்கியது. ஆகவே அங்கே என்ன பதிவாகிறது, எத்தனை நாள் இருக்கிறது என்பதை ஊழியருக்கு எளிய மொழியில் எழுதிக் கொடுப்பது நிறுவனத்தின் கடமை என்பது என் கருத்து.

"தவறு செய்யாதவருக்குப் பயமேன்?" என்று சிலர் கேட்கலாம். நாம் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவது, குற்றம் எழுதியிருப்பதாலா? வீட்டுச் செய்தி வீட்டாருக்கு உரியது என்பதால் அல்லவா?

அதேபோல், அலுவலகமும் தன் இரகசியங்களைக் காக்கவே இப்பாதையை அமைத்தது. அதை நான் இரவல் வாங்கியது என் பிழையே. இப்போது வீட்டுத் தேடலுக்கு அப்பாவின் கைப்பேசி. அலுவலகக் கணினி அக்காவுக்கு மட்டும். அவளது ஒப்பந்தமும் புதுப்பிக்கப்பட்டு விட்டது. நான் மட்டும் அந்த ஒரு மாதம் நிம்மதியாக உறங்கவில்லை.

— பத்தாம் வகுப்பு மாணவி