கேஸோடு சும்மா வரும் பவர் சப்ளை

புதுசா டெஸ்க்டொப் கட்டப்போற பெடியளிடம் கேட்டுப் பாருங்கள். எந்தப் புரொசசர், எந்தக் கிராபிக்ஸ் கார்ட், எத்தனை ஜிபி ராம் எண்டு ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். பவர் சப்ளை என்ன எண்டு கேட்டால், "அது கேஸோட சும்மா வருது" என்பார்கள். இந்தச் "சும்மா"வைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம்.

சுவரிலிருந்து வருகிற 230 வோல்ட் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் குடுக்கிறது பவர் சப்ளைதான். அது பழுதானால் சிலவேளை மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்துதான் போகும். வீட்டில் இருக்கிறதே ஒரு கணினி, அதில்தான் படிப்பும் வேலையும் எண்டால், அந்த நட்டத்தை யார் தாங்குவது?

முதல் பொய் ஸ்டிக்கரில் இருக்கிறது. பெரிய எழுத்தில் 500 வோட்ஸ் எண்டு போட்டிருக்கும். அதை விட்டுவிட்டுக் கீழே இருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் எண்டு பாருங்கள். இண்டைய புரொசசரும் கிராபிக்ஸ் கார்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. அங்கே 18 அம்பியர் எண்டு இருந்தால், 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வோட்ஸ். மிச்சம் வெறும் எழுத்து. அட்டவணையே இல்லாத சாமானைத் தொடவே வேண்டாம்.

இரண்டாவது, 80 பிளஸ் சின்னத்தின் மேல் உள்ள மூட நம்பிக்கை. 2004 இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்தச் சான்று, எடுக்கிற மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் வெளியே வருகிறது எண்டதைத்தான் முக்கியமாக அளக்கிறது. ஷோர்ட் ஆனால் தானாக நிக்குமா, அளவுக்கு மிஞ்சி இழுத்தால் தாங்குமா எண்டதை அது சொல்லாது. அமெரிக்காவின் கேமர்ஸ் நெக்சஸ் குழு ஜிகாபைட்டின் 750 வோட்ஸ் மாடல் ஒன்றை வாங்கிச் சோதித்தபோது பல வெடித்துச் செத்தன. 2021 ஓகஸ்டில் அந்த நிறுவனம் 750, 850 வோட்ஸ் மாடல்கள் இரண்டில் குறிப்பிட்ட தொடர் இலக்கங்களை மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டி வந்தது. இரண்டும் கோல்ட் சான்று உள்ளவை. பெயரையும் சின்னத்தையும் மட்டும் பார்த்து வாங்க ஏலாது எண்டதற்கு இதுக்கு மேல் என்ன வேணும்?

மூன்றாவது, கடை மேசையில் நடக்கும் "டெஸ்ட்". பச்சை வயரையும் கறுப்பு வயரையும் கம்பியால் இணைத்து, காற்றாடி சுத்தினால் "ஓகே தம்பி" எண்டு தந்துவிடுகிறார்கள். பவர் சப்ளை ஒன் ஆகுது எண்டதைத்தான் அது காட்டுது. சுமை ஏறும்போது என்ன நடக்கும் எண்டதுதான் கேள்வி. வீட்டில் ஒரு கேம் ஓடும்போது மஞ்சள் வயருக்கும் கறுப்பு வயருக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 11.4 இலிருந்து 12.6 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். அதுக்கு வெளியே போனால் மாற்றுங்கள். உள்ளே நின்றாலும் முழு நம்பிக்கை வேண்டாம். மின்னழுத்தத்தின் நுண்ணிய அதிர்வை மல்டிமீட்டர் காட்டாது, அதுக்கு ஒஸிலோஸ்கோப் வேணும். அந்த வசதி உள்ள சைபனெட்டிக்ஸ் போன்ற ஆய்வுகூடங்கள் மாடல் மாடலாக அறிக்கை வெளியிடுகின்றன, வாசிக்கக் காசில்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: பவர் சப்ளையைக் கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

"காசில்லாதவன் என்ன செய்யிறது?" எண்டு கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் காசில்லாதவனுக்குத்தான் இரண்டாம் தரம் வாங்க ஏலாது. அதோடு, தேவைக்கு மிஞ்சிய வோட்ஸ் கணக்குக்குத்தான் நாங்கள் வீணாகக் காசு குடுக்கிறோம். ஆர்டிஎக்ஸ் 4060 எடுப்பது 115 வோட்ஸ். 65 வோட்ஸ் புரொசசரோடு அதைப் போட்டால் நேர்மையான 550 வோட்ஸ் தாராளம். பொய்யான 750 தேவையில்லை. கலர் லைற் காற்றாடிகளை அடுத்த வருசத்துக்குத் தள்ளி வையுங்கள், அந்தக் காசு இங்கே வரட்டும்.

கடைக்காரர்களிடம் நாங்கள் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் இல்லை. விலைப் பட்டியலில் பவர் சப்ளையின் மாடல் பெயரையும் 12 வோல்ட் அம்பியரையும் எழுதுங்கள். வரண்டியை ரசீதில் எழுதித் தாருங்கள். பொய்யான விவரம் சொல்லிச் சாமான் விற்பதை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் சட்டம் தடுக்கிறது, அது கணினிக் கடைக்கும் சேர்த்துத்தான்.

வாங்கப் போகிறவர்களிடம் கேட்பதும் ஒன்றுதான். கேஸைத் தனியாகவும் பவர் சப்ளையைத் தனியாகவும் விலை கேளுங்கள். "சும்மா தாறம்" எண்டு சொன்னால், "வேண்டாம், அதின்ர காசைக் கழியுங்கோ" எண்டு சொல்லுங்கள். பத்துப் பேர் இப்படிக் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அந்தத் தகரப்பெட்டியைக் காட்டக் கடைக்காரரே யோசிப்பார்.