துருவின் மேல் வர்ணமா?

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது அலவத்துகொட. மழையும் ஈரமும் மிகுந்த இப்பகுதியிலே பழைய மொரிஸ் மைனர் காரை வீட்டில் வைத்துப் புதுப்பிக்க எண்ணும் இளைஞர், முதலில் வர்ணத்தையே நாடுவர். அது தகாது.

1948 இல் வெளிவந்த இக்காருக்குத் தனியான அடிச்சட்டம் இல்லை. தகடுகளாலான உடலே சுமையைத் தாங்குகிறது. எனவே கதவுகளின் கீழும் தளத்திலும் துரு ஏறினால் முதுகெலும்பே உளுத்ததாகும். அவ்விடங்களை முதலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்போமாக. உளுத்ததை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைக்க வேண்டும். அதற்குமுன் பெற்றோல் தாங்கியைக் கழற்றிவிடுதல் அவசியம்.

1990களில் இக்காரின் உதிரிப்பாகங்களை இங்கிலாந்துக்கே செய்தனுப்பிய நாடு நமது. கைத்திறனுக்குக் குறைவில்லை, வேண்டுவது பொறுமையே. மலைச்சாலையில் அதில் ஏறிச் செல்லப்போவது நம் குடும்பமல்லவா?