யானைக்குக் கிடைத்த கவுனி

சென்னையில் யானைக்கவுனி எங்கே என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். அந்தப் பெயரில் பாலம் இருக்கிறது, காவல் நிலையம் இருக்கிறது. கவுனி என்றால் கோட்டை வாயில். வாயில் போய்விட்டது, அது நின்ற மதிலும் அங்கே இல்லை, பெயர் மட்டும் தப்பியிருக்கிறது. அதே மதிலில் இன்னொரு வாயிலும் இருந்தது. ஆங்கிலேயரின் ஆவணங்களில் அது 'சக்ளர்ஸ் கேட்'. தமிழில் சொன்னால், சக்கிலியர் வாயில். அதற்கு இன்று யாரும் வழி சொல்ல முடியாது.

மதில் எழுந்த கதை சுருக்கமானது. 1758-59இல் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. பிரெஞ்சுக்காரர்களுடன் நடந்த போர்களின் காலத்தில், கோட்டையை ஒட்டியிருந்த பழைய கருப்பர் நகரத்தைக் கும்பினியார் தரைமட்டமாக்கினார்கள். மக்கள் முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஹைதர் அலியின் குதிரைப்படை நகரின் வாசல் வரை வந்து போனது. அந்தப் பயத்தில் 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிய மதில் கட்டினார்கள். செலவை உள்ளே குடியிருந்தவர்களிடம் வரியாக வாங்கத் திட்டம். வரி வசூலாகவில்லை, ஆனால் 'வால்டாக்ஸ் ரோடு' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வசூலாகாத வரிக்கே ஒரு சாலை இருக்கிறது, பாருங்கள்.

வாயில்களின் பெயர்களைக் கவனியுங்கள். திருவொற்றியூர் வாயில், எண்ணூர் வாயில் என்று ஊர்களின் பெயரில் சில. மருத்துவமனை வாயில், படகுக்காரர் வாயில், யானை வாயில் என்று வேறு சில. சாதியின் பெயரில் ஒன்று. இதில் 'சக்ளர்' என்ற சொல்லுக்குத் தனிக்கதை உண்டு. இங்கிருந்த வெள்ளையர்களின் ஆங்கிலத்தில் அது செருப்புத் தைப்பவரைக் குறிக்கும் சாதாரணச் சொல்லாகப் புழங்கியது, அகராதியிலும் ஏறியது. தொழிலைப் பிறப்போடு கட்டிவைத்தது நம் ஊர்ச் சாதி. அந்தக் கட்டை அவிழ்க்காமல் அப்படியே தங்கள் மொழிக்குள் எடுத்துக்கொண்டது கும்பினி.

19ஆம் நூற்றாண்டில் மதில் தேவையற்றதாகி, கொஞ்சம் கொஞ்சமாக இடிபட்டது. வாயில்களும் போயின. அந்தப் பெயர் போனது நல்லதுதானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். வசைச்சொல்லாகவே புழங்கிய பெயரை எந்தப் பலகையிலும் மீண்டும் எழுதச் சொல்லவில்லை நான். தெருப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்று 1978இல் தமிழக அரசு எடுத்த முடிவு சரியானது. ஆனால் அதே ஜார்ஜ் டவுனில் இன்று நடந்து பாருங்கள். லிங்கிச் செட்டி தெரு, தம்புச் செட்டி தெரு, கோவிந்தப்ப நாயக்கன் தெரு. இவற்றில் சாதியை வெட்டினாலும் லிங்கி இருப்பார், தம்பு இருப்பார், கோவிந்தப்பன் இருப்பார். சக்கிலியர் வாயிலில் சாதியை வெட்டினால் மிச்சம் என்ன? அங்கே யாருடைய சொந்தப் பெயரையும் எவரும் எழுதி வைக்கவில்லை. பெயர் அழிந்தபோது மக்களும் சேர்ந்தே நகரத்தின் வரலாற்றிலிருந்து அழிந்தார்கள்.

அருந்ததியர் மக்களை எங்கிருந்தோ பிழைக்க வந்தவர்கள் என்று இன்றும் பேசுகிறார்கள். 2009இல் வந்த 3 சதவீத உள் ஒதுக்கீட்டை எதிர்த்தவர்களின் வாயிலும் இந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். 250 ஆண்டுகளுக்கு முன்பே தலைநகரின் மதிலில் ஒரு வாயிலுக்குப் பெயர் தரும் அளவுக்கு இங்கே அறியப்பட்டிருந்தவர்களைத்தான் வந்தேறி என்கிறார்கள். இந்த நகரத்தின் குப்பையையும் சாக்கடையையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டு, நகரத்தின் வரலாற்றில் மட்டும் இடமில்லை என்பது என்ன நியாயம்?

ராயபுரம் பழைய சிறைச்சாலை சாலையில் அந்த மதிலின் ஒரு துண்டு இன்னும் நிற்கிறது. மேலே பூங்கா அமைத்து மாடிப் பூங்கா என்கிறார்கள். அங்கே ஒரு கல்வெட்டு வைக்கலாம். இந்த மதிலில் இருந்த வாயில்கள் எல்லாவற்றையும், செருப்புத் தைத்த அருந்ததியர் மக்களின் பெயரால் அறியப்பட்ட வாயிலையும் சேர்த்து அதில் எழுத வேண்டும். மாநகராட்சியிடம் முதலில் இதைக் கேட்போம்.