அலைவரிசை இருண்டது, பில் மட்டும் ஏன் குறையவில்லை?

உங்கள் வீட்டுக் கட்டணத் தொலைக்காட்சி பில்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இந்தத் தலையங்கத்தைப் படியுங்கள்.

மாக் மண்டினில் தொழிற்சாலை வேலைக்குப் போகும் ஓர் அக்காள் சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு பில்லோடு என்னைத் தேடி வந்தார். அவர் எந்த அலைவரிசைக்காகப் பேக்கேஜ் எடுத்தாரோ அது நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. பில்லில் ஒரு காசு குறையவில்லை. நிறுவனத்திடம் கேட்டீர்களா என்றேன். "கேட்டா குடுப்பாங்களா தம்பி?" என்றார்.

நம் மக்களில் பெரும்பாலோர் கேட்காமலேயே கட்டிவிடுகிறோம். ஓவர்டைம் செய்து சம்பாதித்த பணம்!

அலைவரிசை ஏன் இருள்கிறது? அலைவரிசையின் சொந்தக்காரன் ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்று விலை கேட்கிறான். அதை நம் வீட்டுக்குக் கொண்டுவரும் நிறுவனம் அவ்வளவு தர முடியாது என்கிறது. ஒப்பந்தம் முடிகிற நாளில் ஒளிபரப்பு நிறுத்தப்படுகிறது. வாடிக்கையாளர் கோபப்பட்டால் எதிராளி இறங்கி வருவான் என்பது இருவருடைய கணக்கும். யானையோடு யானை மோதினால் நடுவில் சருகுமான் சாகும் என்று மலாய்க்காரர்கள் சொல்வார்களே, அந்தச் சருகுமான் நாம்தான்.

2023 பிப்ரவரியில் இந்தியாவில் இதுதான் நடந்தது. புதிய கட்டண ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்த கேபிள் நிறுவனங்களுக்கு ஸ்டார், ஜீ, சோனி ஆகிய மூன்றும் ஒளிபரப்பை நிறுத்தின. சுமார் நாலரைக் கோடி வீடுகள் பாதிக்கப்பட்டதாகக் கேபிள் நிறுவனங்களின் கூட்டமைப்பு சொன்னது. விவகாரம் கேரள உயர் நீதிமன்றம் வரை போய், சில நாட்களில் சமரசமானது. அங்கே பயனீட்டாளருக்கு ஒரு பிடி இருக்கிறது. டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையம் 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி, ஓர் அலைவரிசை கிடைக்காமல் போனால் அந்த நாள் முதல் அதற்குரிய கட்டணத்தை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது.

அமெரிக்காவில் 2025 அக்டோபர் 30 அன்று டிஸ்னியின் அலைவரிசைகள் யூடியூப் டிவியில் நின்றன. நவம்பர் 14 வரை இழுபறி. அந்த நிறுவனம் வாடிக்கையாளருக்கு 20 டாலர் கழிவு அறிவித்தது. ஆனால் பலர் தங்கள் கணக்குக்குள் போய் அதைத் தாங்களே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. கேட்காதவனுக்குப் பணம் தானாக வருவதில்லை, அமெரிக்காவிலும்கூட.

நம் நாட்டிலும் அலைவரிசைகள் போயிருக்கின்றன. 2021 தொடக்கத்தில் டிஸ்னியின் சிறுவர் அலைவரிசைகள் ஆஸ்ட்ரோவிலிருந்து விடைபெற்றன. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஃபாக்ஸ், ஃபாக்ஸ் மூவீஸ் உள்ளிட்டவற்றை டிஸ்னியே தென்கிழக்காசியாவில் மூடிவிட்டது. அது கட்டணத் தகராறு அல்ல, வியாபார முடிவு. காரணம் எதுவானாலும் திரையில் வராத ஒன்றுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும்?

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிடிக்கவில்லையென்றால் வெட்டிவிடுங்கள் என்று சொல்வது சுலபம். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு நாள் முழுதும் தமிழ் கேட்கும் ஒரே இடம் அந்தப் பெட்டி. இலவச அலைவரிசைகளில் தமிழுக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். நாம் எளிதில் விலக மாட்டோம் என்பது விற்பவனுக்கும் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 2011 முதல் அதில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிரான பகுதி ஒன்று சேர்ந்திருக்கிறது. "அலைவரிசைகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், கட்டணம் மாறாது" என்று பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டால் கதை முடிந்துவிடாது. அந்த விதி நியாயமானதா என்று கேள்வி எழுப்பலாம். ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலகினால் முழுப் பணமும் கட்ட வேண்டும் என்று மிரட்டினால் 17-ஆம் பிரிவைக் காட்டுங்கள். தொடர்ந்து வழங்கப்படும் சேவையை ரத்து செய்யும்போது எதை வசூலிக்கலாம் என்பதற்கு அங்கே வரம்பு இருக்கிறது.

முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். திரை இருண்ட தேதி, அதில் வந்த அறிவிப்பின் படம், அந்த அலைவரிசையின் பெயரைப் போட்டு உங்களுக்கு விற்ற விளம்பரத் தாள், பில்கள், எல்லாம் வேண்டும். "பேக்கேஜ் விலைதான், அலைவரிசைக்குத் தனி விலை இல்லை" என்பார்கள். அதை நம்பித்தானே வாங்கினோம் என்று காட்ட அந்த விளம்பரத் தாள்தான் சாட்சி.

பதில் சரியில்லையா? தொடர்புத் துறைக்கான பயனீட்டாளர் மன்றமான சி.எஃப்.எம்.மில் புகார் செய்யலாம். அல்லது பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். இணையம் வழியாகவும் பதியலாம். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது. நிறுவனமும் பெரிய லாயரை அழைத்து வர முடியாது. என் தொழிலுக்கு இடமில்லாத இந்த மன்றத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன்! தீர்ப்பு வந்தால் 14 நாட்களில் நிறைவேற்ற வேண்டும். மீறினால் அது குற்றம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கோபத்தில் பில் கட்டுவதை நிறுத்தாதீர்கள். நிலுவை சி.டி.ஓ.எஸ். பதிவில் ஏறினால், நாளை மகனின் மோட்டார் கடனுக்கு அது குறுக்கே வந்து நிற்கும். கட்டுங்கள், ஆட்சேபத்தோடு கட்டுகிறோம் என்று எழுதிக் கட்டுங்கள்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நூறு வீடுகள் தனித்தனியாக மன்றம் ஏறி இறங்க வேண்டிய காரியமா இது? அலைவரிசை நின்ற நாளிலிருந்து கட்டணம் தானாகக் குறைய வேண்டும் என்று தொடர்பு, பல்லூடக ஆணையம் இந்தியாவைப் போல் ஒரே வரியில் விதி எழுதட்டும்.

அக்காளின் கதைக்கு வருகிறேன். இருவரும் உட்கார்ந்து மலாயில் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். மூன்றாவது வாரம் நிறுவனத்திடமிருந்து போன் வந்தது. நான்கு மாதத்துக்கும் மாதம் 10 வெள்ளி வீதம் அடுத்த பில்லில் கழித்தார்கள். நாற்பது வெள்ளி, ஒரு மூட்டை அரிசிக்குக் கிட்டத்தட்டக் காணும். இப்போது பக்கத்து வீட்டு பில்களையும் அவரே வாங்கிப் பார்க்கிறார். கடிதத்தின் மாதிரி நம்மிடம் இருக்கிறது, கேட்டால் தருகிறோம்.